அந்துப்பூச்சி ஆய்ந்த ஆசிரியர்

பிரான்சு நாட்டின் தெற்கே ஆவிரோன் என்னும் மேட்டுநிலப் பகுதி உள்ளது. மண் வளம் குன்றியது, குளிர் மிக்கது. அப்பகுதியைச் சார்ந்த சேன் லெயோன் என்னும் சிற்றூரில், 1823 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ழான் ஆன்றி ஃபாபர் பிறந்தார். அவர் பிறந்த குடி வறுமைக்குடி. மண்ணை உழுது வாழ்ந்த அவர்தம் முன்னோர், பூச்சிகளைக் காலால் மிதித்து அறிவரேயன்றிக் கண்ணால் நோக்கி அறியார். அத்தகைய குடியில் தோன்றிய ஒருவர், பூச்சிகளின் வாழ்வை ஆராய்வதிலேயே தம் வாழ்வைச் செலவிட்டு, அவற்றைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார்.

குழந்தைப் பருவத்தில் ஃபாபர் மலாவல் என்னும் இடத்தில் தம் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் அச்சிறுவர் வெயிலில் நின்றுகொண்டு ஓர் ஐயத்தை ஆராய்ந்தார். இவ்வொளியைத் தாம் உணர்வது வாயினாலா, கண்ணினாலா என்பதே அவ்வையம். கண்ணை மூடி வாயைத் திறந்தார், ஒளி மறைந்தது. வாயை மூடிக் கண்ணைத் திறந்தார், ஒளி தோன்றியது. கண்ணினாலேயே காண்கிறோம் என்று தெளிந்த அவர், அன்று மாலை அச்செய்தியை வீட்டாரிடம் அறிவித்தார். எல்லாரும் நகைத்தனர். ஆயினும் அவர் செய்தது முறையான சோதனையே. எதனை எப்புலன் உணர்கிறது என்னும் அதே வினாவை, முதுமையில் அந்துப்பூச்சிகளைக் குறித்தும் அவர் கேட்க நேர்ந்தது.

அவர் தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிற்றுண்டிக் கடை நடத்திப் பார்த்தார். எவ்வூரிலும் அத்தொழில் செழிக்கவில்லை. குடும்பம் சிதறியது. சிறுவர் ஃபாபர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இருப்புப்பாதை போடுவாரோடு சேர்ந்து மண் சுமந்தார். கையில் எஞ்சிய கடைசிக் காசுகளைக் கொடுத்து ஒரு கவிதை நூலை வாங்கிவிட்டு, அன்றிரவு உணவின்றிக் கிடந்தார் என்றும் கூறுவர். இந்நிலையில் அவிஞோன் நகரத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளி உதவித்தொகைக்கான தேர்வு ஒன்றை நடத்தியது. ஃபாபர் அதில் வெற்றி பெற்றார். 1842 ஆம் ஆண்டில், பதினெட்டாம் வயதில், கார்ப்பந்திரா நகரில் பள்ளி ஆசிரியரானார்.

அங்கே ஒருநாள் நில அளவை கற்பிப்பதற்காக மாணவரைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்றார். அளவுக்கோலை நட அனுப்பிய மாணவர் வழியிலே நின்று, கற்களின்மேல் மண்ணால் கட்டப்பட்டிருந்த கூடுகளை உடைத்து, உள்ளிருந்த தேனை வைக்கோல் துரும்பினால் உறிஞ்சிக்கொண்டிருந்தனர். ஆசிரியர் சினக்கவில்லை, தாமும் குனிந்து பார்த்தார். அவை கொத்துத் தேனீ என்னும் ஒருவகைத் தேனீயின் கூடுகள். பாடம் தடைப்பட்டது, ஆனால் வேறொரு பாடம் தொடங்கியது. அத்தேனீயைப் பற்றி அறியும் பொருட்டு, ஒரு திங்கள் ஊதியத்தையே விலையாகக் கொடுத்துப் பூச்சியியல் நூல் ஒன்றை வாங்கினார்.

1849 ஆம் ஆண்டில் கார்சிகா தீவில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கு வந்திருந்த மோக்கேன் தாந்தோன் என்னும் அறிஞர், தட்டில் நீரை ஊற்றி, தையற்பெட்டியிலிருந்த கத்தரிக்கோலையும் இரண்டு ஊசிகளையும் கொண்டு நத்தை ஒன்றை அறுத்து, அதன் உட்கூறுகளைக் காட்டினார். உயிர்நூல் பயில விலையுயர்ந்த கருவிகள் வேண்டா என்பதை ஃபாபர் அன்று உணர்ந்தார். அதன் பின்னர்ப் பல்லாண்டுக் காலம் அவர்தம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவை கம்பிவலைக் கவிப்புகளும், மண்சட்டிகளும், கண்ணாடிக் குடுவைகளுமே.

1853 முதல் அவிஞோன் உயர்பள்ளியில் பணியாற்றினார். குளவி ஒன்று வண்டினைக் கொட்டி, கொல்லாமல் செயலறச் செய்து, தன் குஞ்சுக்கு உணவாகச் சேமிக்கும் திறத்தை ஆராய்ந்து 1855 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரெஞ்சு அறிவியற் கழகம் பரிசளித்தது. இங்கிலாந்துப் பேரறிஞர் டார்வின், தம் பெருநூலில் அவரை ஒப்பற்ற நோக்கினர் எனப் பாராட்டினார். டார்வின் கூறிய பரிணாமக் கொள்கையை ஃபாபர் இறுதிவரை ஏற்கவில்லை. இது அவரிடம் காணப்படும் ஒரு குறையே. எனினும் இருவரும் ஒருவரையொருவர் மதித்துக் கடிதம் எழுதிக்கொண்டனர்.

அக்காலத்தே பட்டுப்புழுக்களைத் தாக்கிய கொள்ளை நோயினால் தென்பிரான்சின் பட்டுத்தொழில் அழியும் நிலையை எய்தியது. அந்நோயை ஆராய 1865 ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட லூயி பாஸ்டர், ஃபாபரின் இல்லத்திற்கு வந்தார். பட்டுக்கூடு ஒன்றைக் கையிலெடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ அசையும் ஒலி கேட்டது. இதனுள் என்ன உள்ளது என்று அவர் வினவினார். புழு கூட்டுப்புழுவாக மாறி உள்ளே உறங்குவதும், பின்னர் அதுவே அந்துப்பூச்சியாய் வெளிவருவதும் அன்றுவரை பாஸ்டர் அறியாத செய்திகள். ஃபாபர் வியந்தாரேயன்றி இகழ்ந்தாரல்லர். முன்முடிவு ஏதுமின்றிப் பொருளை அணுகுவதும் ஒரு வலிமை எனக் கருதினார். அவ்வறியாமையோடு தொடங்கிய பாஸ்டரே சில ஆண்டுகளில் அந்நோயைத் தடுக்கும் வழியையும் கண்டார்.

அவிஞோனில் ஃபாபர் பெற்ற ஊதியம் ஆண்டுக்கு 1,600 பிராங்கு. மக்கள் பலரைப் பெற்ற குடும்பத்திற்கு அது போதவில்லை. மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் முறையைப் பல ஆண்டு உழைத்துச் செம்மை செய்தார். அது பயன் தரும் காலத்தில், செர்மானியர் அச்சாயத்தைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டனர். அவர் உழைப்பு வீணாயிற்று. கல்வி அமைச்சர் துருயி தொடங்கிய திட்டத்தின்படி, பெண்களுக்கும் மாலை நேரத்தில் இலவசமாக அறிவியல் கற்பித்து வந்தார். பூக்கள் எவ்வாறு மகரந்தம் பெற்றுக் காயாகின்றன என்பதை அவர் விளக்கிய பாடம் ஊராரிற் சிலருக்குப் பிடிக்கவில்லை. இளம்பெண்களுக்கு இவற்றைக் கூறலாமா எனச் சமயத் தலைவர்கள் பூசலிட்டனர். குடியிருந்த வீட்டிலிருந்தும் அவரை வெளியேற்றினர். மலர் காயாகும் முறையைக் கூறியதற்காக ஓர் ஆசிரியர் வேலையும் வீடும் இழந்தார் என்பதை இன்று நம்புதல் அரிது. அப்பொழுது அவிஞோனில் வாழ்ந்த ஆங்கில மெய்யியலறிஞர் சான் சுடூவர்ட்டு மில், கைச்சாத்தும் கேளாது 3,000 பிராங்கு கடனாகக் கொடுத்தார். அத்தொகையைக் கொண்டு ஃபாபர் ஒராஞ்சு நகருக்குக் குடிபெயர்ந்தார். பள்ளிப் பாடநூல்களை இரவு பகலாக எழுதி அக்கடனை முழுதும் தீர்த்தார். 1877 ஆம் ஆண்டில், தம்மைப் போலவே பூச்சிகளிடத்தும் மலர்களிடத்தும் பற்றுக் கொண்டிருந்த மகன் சூல்சினை இழந்தார்.

1879 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். தம் நூலின் முதற்றொகுதியை வெளியிட்ட அவர், செரிஞான் என்னும் சிற்றூரின் புறத்தே ஒரு தரிசு நிலத்தையும் அதிலிருந்த வீட்டையும் விலைக்கு வாங்கினார். கல்லும் முள்ளும் நிறைந்த அத்தகைய நிலத்தை அந்நாட்டு வழக்கில் ஆர்மா என்பர். உழவர் விரும்பாத அந்நிலத்தைப் பூச்சிகள் விரும்பின. ஃபாபரும் விரும்பினார். எஞ்சிய முப்பத்தாறு ஆண்டுகளை அவர் அங்கேயே கழித்தார்.

அந்த ஆர்மா வீட்டில், ஒரு மே மாதத்து 6 ஆம் நாள் காலையில், பெருமயில் அந்துப்பூச்சி ஒன்று கூட்டை விட்டு வெளிவந்தது. ஐரோப்பாவின் அந்துப்பூச்சிகளுள் மிகப் பெரியது அது. பழுப்பு நிறப் பட்டாடை போர்த்தாற்போன்ற சிறகுகள். ஒவ்வொரு சிறகிலும் மயிற்கண் போன்றதொரு புள்ளி. வெளிவந்தது பெண்பூச்சி. ஃபாபர் அதனை ஒரு கம்பிவலைக் கவிப்பினுள் வைத்தார். வேறு நோக்கம் ஒன்றும் அப்பொழுது அவருக்கு இல்லை. இரவு ஒன்பது மணியளவில் அவருடைய சிறுமகன், அரைகுறை ஆடையோடு அறையில் இங்குமங்கும் ஓடி, பறவை போன்ற பூச்சிகள் அறையெல்லாம் நிறைந்துள்ளன என்று கூவினான். தந்தை மெழுகுவத்தியை ஏந்திக்கொண்டு மகனுடன் ஆய்வறைக்குள் சென்றார். திறந்த பலகணி வழியாக வந்த பெரிய ஆண்பூச்சிகள் கவிப்பைச் சுற்றி வட்டமிட்டன, சுவரில் மோதின, சிறகால் விளக்கை அணைத்தன, மனிதரின் தோளிலும் முகத்திலும் உராய்ந்தன. சிறுவன் அஞ்சித் தந்தையின் கையை இறுகப் பற்றினான். வீட்டின் பிற பகுதிகளில் இருந்தவற்றையும் கூட்டினால், அன்று வந்தவை ஏறத்தாழ நாற்பது. எட்டு இரவுகளில் வந்தவை ஏறத்தாழ நூற்றைம்பது.

இதில் வியப்பு யாதெனில், அச்சுற்றுப்புறத்தில் அவ்வகைப் பூச்சி மிக அரிது. தேடியலைந்தாலும் வாதுமை மரத்தடியில் ஒன்றிரண்டு கூடுகளே கிடைக்கும். ஆகவே அவை நெடுந்தொலைவிலிருந்து வந்திருத்தல் வேண்டும். அவை வந்த இரவோ மழைமேகம் மூடிய காரிருள். வீடோ உயர்ந்த மரங்களுக்கிடையே மறைந்திருப்பது. பெருமயில் அந்துப்பூச்சிக்கு உண்ணும் வாயே இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததைக் கொண்டே சில நாள் வாழும். இணையைத் தேடுதல் ஒன்றே அதன் எஞ்சிய வாழ்வின் தொழில். அவ்வாழ்வு முடிவதற்குள், பெண்பூச்சி மணப்பருவம் எய்திய செய்தியை அவ்விருளில் அவற்றுக்கு அறிவித்தது யாது?

ஒளியன்று, ஒலியும் அன்று. மணமாக இருக்கலாம் என ஃபாபர் எண்ணினார். ஆயினும் மனித மூக்கிற்கு அங்கு யாதொரு மணமும் தெரியவில்லை. கவிப்பைச் சுற்றி அந்துருண்டை செய்யும் நாப்தலினைத் தட்டுகளில் பரப்பி வைத்தார். அறையெங்கும் நெடி சூழ்ந்தது. ஆண்பூச்சிகளோ வழக்கம்போல் வந்தன. அவற்றின் இறகு போன்ற உணர்கொம்புகளை வெட்டிப் பார்த்தார். வெட்டப்பட்டவை மிகச் சிலவே மீண்டன. ஆனால் வெட்டப்படாதனவும் தம் சின்னாள் வாழ்வு முடிந்து மடிந்து வந்தமையால், இது சான்றாகாது என்று அவரே விலக்கினார். கம்பியில்லாத் தந்தி அக்காலத்தில் புதுவதாகத் தோன்றியிருந்தது. அத்தகைய அலை ஏதேனும் பெண்பூச்சியினின்று எழுகிறதோ என்றும் ஐயுற்றார். அதனை மரப்பெட்டியிலும், தகரப் பெட்டியிலும், கண்ணாடியிலும் மாறி மாறி அடைத்தார். நன்கு மூடியிருந்த பொழுதெல்லாம் ஓர் ஆணும் வரவில்லை; சிறு பிளவு இருப்பினும் வந்தன. பஞ்சுப் படலமும் தடையாயிற்று. பஞ்சு தடுக்கும் அலை ஏது? ஆகவே அலை என்னும் எண்ணத்தை அவர் கைவிட்டார்.

அடுத்துச் சிறுமயில் அந்துப்பூச்சியை ஆராய்ந்தார். அது நண்பகலில் பறப்பது. அன்று வடக்கிலிருந்து கடுங்காற்று வீசியது. மணத்தை நாடி வருவன தெற்கிலிருந்து, காற்றை எதிர்த்தன்றோ வருதல் வேண்டும்? ஆண்பூச்சிகள் வடக்கிலிருந்தே வந்தன. தம் கருத்துக்கு மாறான அச்செய்தியையும் ஃபாபர் மறைக்காது எழுதி வைத்தார்.

விடை கிடைத்தது மூன்றாவதாக வந்த ஓக் அந்துப்பூச்சியினிடத்தே. காய்கறி கொண்டுவரும் சிறுவன் ஒருவன் அதன் கூடு ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தான். ஆகஸ்டு 20 ஆம் நாள் பெண்பூச்சி வெளிவந்தது. அதே கவிப்பில், அதே அறையில் வைத்தார். முதல்நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அவர் ஏறத்தாழ நம்பிக்கை இழந்தார். மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணியளவில், கொளுத்தும் வெயிலில், ஆண்பூச்சிகள் கூட்டமாக வந்து பலகணியில் மொய்த்தன. அவர் கணக்கிட்டவை ஏறத்தாழ அறுபது. அவ்வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக அவர் அவ்வினத்தைக் கண்டதே இல்லை. பெண்பூச்சி கூட்டினின்று வெளிவந்த அக்கணமே அழைப்பதில்லை. அதன் உடலுள் ஏதோ ஒன்று முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்தார்.

அந்தோ! கவிப்பினுள் கவனமின்றி விடப்பட்ட கும்பிடுபூச்சி ஒன்று, அந்தப் பெண்பூச்சியை உண்டுவிட்டது. மற்றொன்று கிடைக்க ஃபாபர் மூன்று ஆண்டு காத்திருந்தார். கிடைத்தபின் மீண்டும் தொடங்கினார். லவண்டர் எண்ணெய், மண்ணெண்ணெய், அழுகிய முட்டை நாற்றமுடைய கந்தகப் பொருள் ஆகியவற்றைச் சூழ வைத்தும் ஆண்பூச்சிகள் தவறாது வந்தன. பின்னர், பெண்பூச்சியைக் கண்ணாடிக் குடுவையால் மூடி, பலகணியருகே எல்லாம் காணும்படி வைத்தார். முன்னாள் இரவு அது தங்கியிருந்த கம்பிவலைக் கவிப்பையும் மணல் தட்டையும் அறையின் இருண்ட மூலையில் தள்ளி வைத்தார். உள்ளே வந்த ஆண்பூச்சிகள், கண்ணெதிரே இருந்த பெண்ணைத் திரும்பியும் பாராமல், மூலையிலிருந்த வெறுங்கூண்டிற்கே சென்று மொய்த்தன. அது சற்று நேரம் அமர்ந்திருந்த ஓக் கிளையும், துணியும், மணலும் அவ்வாறே ஈர்த்தன. பெண்ணை எடுத்துவிட்ட பின்னும் அதன் அழைப்பு அப்பொருள்களில் தங்கியிருந்தது. வழிகாட்டுவது கண்ணன்று, மணமே என்பது ஐயமின்றி விளங்கியது. எனினும் எத்தனையோ நெடிகளுக்கு இடையே அது மங்காதிருப்பதை எண்ணி, அம்மணம் நுண்துகளோ, ஒளியைப் போன்ற அதிர்வோ என்பதை அவர் முடிவு செய்யாமலே விட்டார்.

அதனை முடிவு செய்தவர்கள் பின்வந்தோர். செர்மானிய வேதியியலறிஞர் பூட்டனான்ட் ஏறத்தாழ இருபதாண்டு உழைத்து, ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் மணச்சுரப்பிகளிலிருந்து ஒருசில மில்லிகிராம் பொருளைப் பிரித்து, 1959 ஆம் ஆண்டில் அதன் இயல்பை வெளியிட்டார். அதற்குப் பாம்பிகால் என்று பெயர். இத்தகைய பொருள்களுக்கு ஃபெரோமோன் என்னும் பொதுப்பெயரும் அவ்வாண்டிலேயே வகுக்கப்பட்டது. ஆகவே ஃபாபர் ஐயுற்ற மணம் துகளே. அதனை ஏற்பது ஆண்பூச்சியின் உணர்கொம்பு. அவ்வுணர்கொம்பின் நுண்மயிர்கள் தம் இனத்து மணத்திற்கென்றே அமைந்தவையாதலால், மண்ணெண்ணெயும் நாப்தலினும் அதனை மறைக்க இயலவில்லை.

மூன்றாம் நாள்வரை அழைப்பு ஏன் தாழ்த்தது என்னும் வினாவிற்குரிய விடை இதனினும் நுட்பமானது. உயிர்களின் குருதியிற் கலந்து சென்று உறுப்புகளை ஏவும் பொருள்களை ஹார்மோன் அல்லது இயக்குநீர் என்பர். அந்துப்பூச்சியின் மூளைக்குப் பின்னே இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை சுரப்பது இளமை இயக்குநீர். புழுப்பருவத்தில் அது புழுவைப் புழுவாகவே இருத்தி வைக்கும். சிறகு முளைத்தபின், தேனுண்டு வாழும் அந்துப்பூச்சிகள் பலவற்றில், அதே நீர் மீண்டும் சுரந்து முட்டைகளில் கருவுணவு நிறையச் செய்யும். இளமையைக் காத்த பொருளே முதிர்ச்சியையும் தருதல் இயற்கையின் விந்தைகளுள் ஒன்று. வாயில்லாத பெருமயில் அந்துப்பூச்சியும் பட்டுப்பூச்சியுமோ முட்டைகளைக் கூட்டினுள்ளேயே வளர்த்துக்கொண்டு வெளிவருகின்றன. மணம் உண்டாவதற்கு வேறொரு ஏவல் உண்டு. 1984 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆய்வாளர் இருவர், சோளக்கதிரைத் தின்னும் புழுவின் பெண் அந்துப்பூச்சியைப் பிடித்து, அதன் கழுத்தை நூலால் இறுகக் கட்டினர். மணம் உண்டாகவில்லை. மூளையின் சாற்றை அதன் உடலிற் செலுத்தினர், மணம் உண்டாயிற்று. தலையில் தோன்றும் ஓர் இயக்குநீரே வயிற்றின் நுனியிலுள்ள மணச்சுரப்பியை ஏவுகிறது என்பது அதனால் விளங்கியது. 33 அமினோ அமிலங்கள் கோத்த அச்சங்கிலியின் அமைப்பு 1989 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவ்வினப் பெண்பூச்சி பகலில் மணம் உண்டாக்குவதில்லை. இரவு வந்ததும் உண்டாக்கும். இணைந்தபின் மணம் குன்றிவிடும். இவ்வறிவைக் கொண்டே செயற்கை மணம் வைத்த இனக்கவர்ச்சிப் பொறிகளை வயல்களில் தொங்கவிட்டு, உழவர் தீய பூச்சிகளை இன்று பிடிக்கின்றனர்.

இவற்றுள் எதனையும் காண ஃபாபர் இருந்திலர். அவர் எழுதிய பாடநூல்களைப் பள்ளிகள் கைவிட்டமையால் முதுமையில் வறுமை மீண்டும் சூழ்ந்தது. கைக்குட்டையளவே அகலமுடைய ஒரு சிறு மேசையில் எழுதி, தம் நூலின் பத்தாம் தொகுதியை 1907 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1910 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள் நண்பர்கள் செரிஞானில் அவருக்கு விழா எடுத்தனர். அதன் பின்னரே நாட்டார் பலர் அவர் நூல்களை வாங்கிப் படித்தனர். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தாறு, கண் மங்கியிருந்தது, நடையும் தளர்ந்திருந்தது. புகழ் வருவதற்கு அத்துணைக் காலம் கடந்திருக்க வேண்டுவதில்லை. 1913 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவாங்கரே அவர் இல்லத்திற்கே சென்று மரியாதை செய்தார்.

1915 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள், தொண்ணூற்றொன்றாம் வயதில், ஃபாபர் ஆர்மாவில் உயிர் நீத்தார். அவ்வீட்டையும் நிலத்தையும் 1922 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு விலைக்கு வாங்கிப் பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தது. ஆண்பூச்சிகள் பலகணி வழியே வந்து வட்டமிட்ட அவ்வாய்வறை அங்கே பேணி வைக்கப்பட்டுள்ளது.